இருபது நிமிடம் பேசியது வைத்தியமா?

கேள்வி: என் மகனுக்கு 17 வயது. பிளஸ் டூ படிக்கிறான். வைகாசித் திருவிழா அன்று இரவு குடித்துவிட்டு வந்து வாசலிலேயே வாந்தி எடுத்தான். பையைப் பார்த்தால் கூல் லிப் பாக்கெட்டும், வெட்டிய மாத்திரை அட்டை ஒன்றும் இருந்தன. அட்டையில் பெயர் ‘டேப்’ என்பது வரைதான் மிச்சம். கபடியில் கால் வலி, அதற்குத்தான் என்கிறான். முகமெல்லாம் பரு, உதடு கறுத்துவிட்டது, ராத்திரி இரண்டு மணி வரை போன். மூளை கெட்டுவிடும், குழந்தை பிறக்காது என்று வீடியோக்களில் சொல்கிறார்கள். அவன் அப்பா குடித்துக் கல்லீரல் கெட்டு நான்கு வருடம் முன்பு இறந்தார். அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரிடம் காட்டினேன். என்னை வெளியே உட்கார வைத்துவிட்டு அவனிடம் 20 நிமிடம் பேசினார். மருந்து இல்லை, ஊசி இல்லை, ஒரு வார்த்தை திட்டவும் இல்லை. இது வைத்தியமா? மறுவாழ்வு இல்லத்தில் சேர்த்துவிடலாம் என்கிறார் கொழுந்தனார். அதுவரைக்கும் இருக்கட்டும் என்று, ஆன்லைனில் வாங்கிய குடி மறக்கும் பொடியை அவனுக்குத் தெரியாமல் தயிர்சாதத்தில் கலந்து கொடுக்கிறேன்.

பதில்: அம்மா, அந்தப் பொடியை இப்போதே நிறுத்துங்கள். என்ன சேர்த்திருக்கிறது என்று எழுதாமல் விற்கிற பொடியில் எது வேண்டுமானாலும் இருக்கலாம். டைசல்பிராம் என்ற மருந்து இருந்தால் நிலைமை ஆபத்து. சாப்பிடுகிறவர் தெரிந்து, சம்மதித்து, கல்லீரலும் இதயமும் பரிசோதித்த பிறகு கொடுத்தால் அது பயனுள்ள மருந்துதான். ஆனால் அது உடம்பில் இருக்கும்போது கொஞ்சம் குடித்தாலும் முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், வாந்தி வரும், ரத்த அழுத்தம் மளமளவென்று இறங்கும். உயிர் போனவர்களும் உண்டு. நிறுத்தின பிறகும் இரண்டு வாரம் வரை இந்த ஆபத்து இருக்கும். விஷயம் தெரியாத பையன் நாளைக்கே ஒரு நண்பன் பிறந்தநாளில் ஒரு பீர் குடித்தால் என்ன ஆகும், யோசித்துப் பாருங்கள். அதனால் அவனிடம் சொல்லியே ஆக வேண்டும். எப்படிச் சொல்வது என்று பிறகு எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தில் கேள்விகள் நிறைய இருந்தாலும் பயம் ஒன்றுதான்: இவனும் அவன் அப்பா போன வழியிலேயே போய்விடுவானா? அதற்கு நேராகவே பதில் சொல்கிறேன். குடி நோய் வருவதில் பரம்பரைக்கு ஏறக்குறைய பாதிப் பங்கு உண்டு. மீதிப் பாதி வயது, நண்பர்கள், வீடு, கையில் எவ்வளவு சுலபமாகக் கிடைக்கிறது என்பதையெல்லாம் பொறுத்தது. அதில் வயதுக்கு இருக்கிற பங்கு பெரியது. அமெரிக்காவில் 1990களில் எடுத்த ஒரு பெரிய கணக்கெடுப்பில், 15 வயதுக்கு முன்பே குடிக்கத் தொடங்கியவர்களில் பத்துக்கு நான்கு பேர் ஒரு கட்டத்தில் குடிக்கு அடிமையானார்கள். 20 வயதுக்கு மேல் தொடங்கியவர்களில் அது பத்துக்கு ஒருவர்தான். உங்கள் மகன் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறான். இப்போது குறைக்கிற ஒவ்வொரு மாதமும் அவனுக்கு லாபம். அப்பாவின் கல்லீரல் அவனுக்கு எழுதி வைத்த சொத்து கிடையாது.

பரு அந்த வயதில் வருவதுதான். உதடு கறுத்ததற்காகவும் இப்போது கலங்க வேண்டாம். ஒரு திருவிழா இரவில் மூளை கெட்டுவிடாது. குழந்தை பிறக்காது என்று பயமுறுத்தும் வீடியோக்களைப் பார்ப்பதை நிறுத்துங்கள், அவனுக்கும் அனுப்பாதீர்கள். கூல் லிப் புகையிலைதான், அதையும் விட வேண்டும். ஆனால் அதற்கு இந்த வாரம் அவசரம் இல்லை.

அவசரம் அந்த மாத்திரை அட்டைக்கு. நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த ஒரு வரியில்தான் நான் நின்றுவிட்டேன். கால் வலிக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையாகவும் இருக்கலாம், ஆனால் பெயர் தெரியாதபடி வெட்டிய அட்டை சந்தேகத்தைக் கிளப்புகிறது. ‘டேப்’ என்று தொடங்குவதில் நான் பயப்படுவது டேபென்டடால். அபின் வகையைச் சேர்ந்த கடுமையான வலி மருந்து அது. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. போதைக்காக அதைப் பையன்கள் வாங்குவதும், பொடித்து ஊசியில் ஏற்றுவதும் நம் ஊரில் நடக்கிறது. இந்த வகை மருந்து மூச்சை மெதுவாக்கும், மதுவும் மெதுவாக்கும். இரண்டும் ஒரே ராத்திரியில் சேர்ந்தால் தூக்கத்திலேயே மூச்சு நின்றுவிடலாம்.

ஆகையால் ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். அவன் தூங்கும்போது வழக்கத்துக்கு மாறான குறட்டை, தொண்டையில் தண்ணீர் கொப்பளிக்கிற மாதிரி சத்தம், நீலம் பாய்ந்த உதடு, நெஞ்சு நடு எலும்பில் விரல் முட்டியால் அழுத்தித் தேய்த்தாலும் விழிக்காமல் கிடப்பது, இவற்றில் எதைப் பார்த்தாலும் ‘போதை தெளியட்டும், காலையில் பார்க்கலாம்’ என்று விட்டுவிடாதீர்கள். உடனே 108. வண்டி வரும் வரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், பக்கத்தை விட்டு நகராதீர்கள், மூச்சைக் கவனியுங்கள். மோர், எலுமிச்சைச் சாறு எதையும் வாயில் ஊற்றாதீர்கள், விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். ஆம்புலன்ஸில் வருகிறவர்களிடம் மாத்திரை அட்டையைக் காட்டுங்கள். இந்த வகை மருந்தை முறிக்க நாலாக்சோன் என்ற ஊசி இருக்கிறது. என்ன மாத்திரை என்று தெரிந்தால்தான் சட்டென்று போடுவார்கள்.

இனி அந்த 20 நிமிடத்துக்கு வருகிறேன். அதற்குக் குறுகிய ஊக்குவிப்பு ஆலோசனை என்று பெயர். வில்லியம் மில்லர் என்ற உளவியலாளர் 1983இல் இந்த முறையைப் பற்றி முதலில் எழுதினார். அதற்குப் பத்து வருடம் கழித்து அவரும் சகாக்களும் ஒரு விஷயத்தை அளந்து காட்டினார்கள்: ஆலோசகர் எவ்வளவுக்கு மல்லுக்கு நின்றாரோ, அவ்வளவுக்கு அவரிடம் வந்தவர் ஒரு வருடம் கழித்துக் கூடுதலாகக் குடித்தார். உங்கள் மருத்துவர் திட்டாததற்குக் காரணம் இதுதான். வேலை செய்யாமல் விட்டுவிட்டார் என்று நினைக்காதீர்கள்.

பதினேழு வயதுப் பையனுக்கு இரண்டு மனசு இருக்கும். ‘ஜாலியாக இருக்கிறது’ என்று ஒன்று, ‘இது சரியில்லை’ என்று இன்னொன்று. நாம் போய் ‘இது தப்பு’ என்றதும் இரண்டாவது மனசின் வேலையை நாமே எடுத்துக்கொள்கிறோம். அவனுக்கு மிச்சம் இருப்பது முதல் மனசின் கட்சிதான், அதற்காக வாதாடுவான். ‘எல்லாரும்தான் குடிக்கிறாங்க’ என்பான். வாதாட வாதாட அவன் சொன்னது அவன் காதிலேயே ஏறி உறுதியாகிவிடும். எனவே மருத்துவர் கேள்வியைத் திருப்பிப் போடுகிறார், மாற வேண்டிய காரணம் அவன் வாயிலிருந்தே வரும்படி.

என்னிடம் வந்த ஒரு பாலிடெக்னிக் மாணவனைச் சொல்கிறேன். 18 வயது. மடியில் ஹெல்மெட்டை வைத்துக்கொண்டு அதன் கண்ணாடியை மேலே தள்ளுவான், கீழே இறக்குவான், டக் டக் என்று. பத்து நிமிடம் பதிலே இல்லை. நிறுத்துவது உனக்கு எவ்வளவு முக்கியம், பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஒரு எண் சொல் என்றேன். “மூணு” என்றான். வீட்டில் என்றால் ‘மூணுதானா?’ என்று அடிக்கப் போவார்கள். நான், “ஏன் மூணு, பூஜ்யம்னு சொல்லியிருக்கலாமே?” என்று கேட்டேன். கண்ணாடியைத் தள்ளுவது நின்றது. “காலையில தங்கச்சிய வண்டியில ஸ்கூல்ல விடறேன் சார். அன்னிக்குத் தலை கிர்ருனு இருந்துச்சு. லாரி பக்கத்துல வந்தப்புறம்தான் பார்த்தேன்.” நான் சேர்த்துச் சொன்னது ஒரே வரி: “தங்கச்சி பின்னாடி இருக்கும்போது உனக்குப் பயமா இருந்திருக்கு.” தலையை ஆட்டினான். அந்த மூன்றிலிருந்துதான் நாங்கள் இரண்டு பேரும் வேலையைத் தொடங்கினோம். சனிக்கிழமை இரவு மட்டும் குடிக்காமல் பார்ப்பது என்று முதலில் முடிவு செய்தது அவன்தான், நான் சொல்லித் தரவில்லை.

உங்கள் மகனிடமும் கிட்டத்தட்ட இப்படித்தான் பேசியிருப்பார். குடித்தவன் ஓட்டுகிற வண்டியில் ஏறியிருக்கிறாயா, தனியாக இருக்கும்போது எடுக்கிறாயா, மனசு லேசாக வேண்டும் என்று எடுக்கிறாயா, முந்தைய இரவு செய்தது மறந்து போயிருக்கிறதா என்றும் கேட்டிருப்பார். தாய் எதிரில் இருந்தால் இதற்கெல்லாம் ‘இல்லை’ என்றுதான் பதில் வரும். உங்களை வெளியே உட்கார வைத்தது அதனால்தான். உயிருக்கு ஆபத்து என்று பட்டால் ஒழிய அவர் அதை உங்களிடம் சொல்ல மாட்டார், சொல்லக் கூடாது. அந்த நம்பிக்கை இருந்தால்தான் பையன் அடுத்த முறை வருவான்.

ஒருமுறை பேசினால் போதுமா? லண்டன் கல்லூரிகளில் 16 முதல் 20 வயது வரையுள்ள 200 பேரை வைத்து நடத்திய ஆய்வு ஒன்று 2004இல் வெளியானது. அவர்களில் ஒரு பகுதியினரிடம் மட்டும் பேசினார்கள், அதுவும் ஒரே ஒரு மணி நேரப் பேச்சுத்தான். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால், மற்றவர்களைவிட அவர்களிடம் சிகரெட், மது, கஞ்சா மூன்றும் குறைந்திருந்தன. ஆனால் ஒரு வருடத்தில் அந்த வித்தியாசம் பெரும்பாலும் கரைந்துவிட்டது. அதனால் மறுபடி வரச் சொன்ன தேதியைத் தவற விடாதீர்கள். அப்புறம், மாத்திரையைத் தினமும் எடுக்கிறான் அல்லது ஊசியாக ஏற்றுகிறான் என்றால் பேச்சு மட்டும் போதாது, மருந்தும் வேண்டும். மே மாத வெயிலிலும் முழுக்கை சட்டை, திடீரென்று மூக்கொழுகல், ஓயாத கொட்டாவி, உடம்பு வலி, வயிற்றுப்போக்கு இருந்தால் மறுதேதி வரை காத்திருக்க வேண்டாம், உடனே கூட்டிப் போங்கள்.

மறுவாழ்வு இல்லம் இப்போது வேண்டாம். மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 இருக்கிறது. அதன்படி 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களைப் பெரியவர்களோடு சேர்த்து வைக்கக் கூடாது, துணைக்கு ஒருவர் முழுநேரமும் கூடவே இருக்க வேண்டும். ‘விட்டுவிட்டுப் போங்கள், மூன்று மாதம் பார்க்க வராதீர்கள்’ என்கிற இடத்தில் உங்கள் பிள்ளையை விடாதீர்கள். இன்னொன்றும் உண்டு. அபின் வகையைச் சில வாரம் நிறுத்தியதும் உடம்பின் தாங்கும் சக்தி இறங்கிவிடும். வெளியே வந்து பழைய அளவையே எடுப்பவர்கள் அதில் இறந்துபோகிறார்கள். கொழுந்தனாரிடம் இதைச் சொல்லுங்கள்.

சரி, பொடி விஷயம். இன்று இரவே சொல்லுங்கள், அவன் சாப்பிட்டு முடித்த பிறகு, வீட்டில் வேறு யாரும் இல்லாதபோது. “உன் சாப்பாட்டில் உனக்குத் தெரியாமல் ஒரு பொடி கலந்தேன். அப்பா ஞாபகம் வந்து பயந்துவிட்டேன். செய்தது தப்பு, இனி செய்ய மாட்டேன். இரண்டு வாரத்துக்குக் குடித்தால் உயிருக்கே ஆபத்தாகலாம் என்று டாக்டர் சொல்கிறார்.” இவ்வளவுதான். ‘நீ குடித்ததால்தானே செய்தேன்’ என்று கடைசியில் ஒட்ட வைத்துவிடாதீர்கள். அவன் கத்தலாம், தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போகலாம், போகட்டும். சில நாள் உங்கள் கையால் சாப்பிட மறுத்தால் அவனே போட்டுச் சாப்பிடட்டும். அதே இரவில் மாத்திரையைப் பற்றிக் கேட்காதீர்கள். மாத்திரையையும் மதுவையும் சேர்த்தால் மூச்சு நின்றுவிடலாம் என்பதை மட்டும் மறுநாள், “ஒரு விஷயம் சொல்லட்டுமா?” என்று கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். சொன்ன பிறகு, “நீ என்ன நினைக்கிறே?” என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். பதில் வர நேரமாகும், நடுவில் நீங்கள் பேசிவிடாதீர்கள்.

உங்களுக்கே தாங்க முடியாமல் போனால் 14416, டெலி மானஸ், இரவிலும் எடுப்பார்கள். போதை பற்றி மட்டும் கேட்க 14446. இரண்டிலும் கட்டணம் இல்லை.

மருத்துவமனைக்கு இரண்டு நாளுக்குள் போய்விடுங்கள். பொடி பாக்கெட், மாத்திரை அட்டை இரண்டையும் எடுத்துச் செல்லுங்கள். பொடியைக் கலந்ததை மறைக்காதீர்கள், எத்தனை நாள், எத்தனை ஸ்பூன் என்று மருத்துவரிடம் சொல்லிவிட்டு, போன தடவை உட்கார்ந்த அதே பெஞ்சில் போய் உட்காருங்கள். வெளியே வந்ததும், உள்ளே என்ன பேசினீர்கள் என்று கேட்காதீர்கள். ஒரு டீயும் அவனுக்குப் பிடித்த வடையும் வாங்கிக் கொடுத்துக் கூட்டி வாருங்கள்.