எட்ஸெல் தோட்டத்தின் வயது

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் பணிபுரிகிறேன். ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மாவை அழைத்துக்கொண்டு சென்ற வாரம் எட்ஸெல் கோட்டைக்குப் போயிருந்தேன். அங்கிருப்பது 1604-ஆம் ஆண்டின் தோட்டம் என்று படித்துவிட்டுத்தான் போனேன். ‘மூச்சுள்ளவரை நம்பிக்கை’ என்ற பொருள் தரும், கோட்டைக்கு அன்று உரிய லிண்ட்சே குடும்பத்தின் இலத்தீன் வாசகத்தைச் செடிகளில் எழுத்து எழுத்தாக வெட்டி நிறுத்தியிருப்பதைப் பார்த்து நெகிழ்ந்துபோனேன். அந்தச் செடிகள் 1930-களில் நடப்பட்டவை என்று பிறகுதான் தெரிந்தது. புதியதைப் பழையது என்று காட்டிக் கட்டணம் வாங்குவது நியாயமா? அம்மாவோ பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, “இத்தனை செடியையும் யாருப்பா வெட்டுறது?” என்று கேட்டுச் சிரிக்க வைத்துவிட்டார். அடுத்து கிராத்தெஸ் கோட்டைக்குப் போகலாமா, டன்ராபின் கோட்டைக்குப் போகலாமா? கிராத்தெஸில் பச்சை உடை அணிந்த பெண் பேய் உலவுகிறது என்கிறார்களே, உண்மையா?

க.

அன்புள்ள க.,

பேயைப் பற்றி எனக்குக் கருத்து இல்லை. கட்டணத்தைப் பற்றியும் வாதாட மாட்டேன். அப்படி ஒரு வருமானம் இல்லாவிட்டால் நீங்கள் நெகிழ்ந்து நின்ற இடத்தில் இடுப்பளவு புல் நின்றிருக்கும். உயிருள்ள ஒன்றைப் ‘பழையது’ என்று சொல்லும்போது எதைச் சொல்கிறோம் என்று நானே சில மாதங்களாக யோசித்துக்கொண்டிருந்த வேளையில் உங்கள் கடிதம் வந்தது. அதனால்தான் இந்தப் பதில்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அந்தத் தோட்டத்தை அமைத்தவர் சர் டேவிட் லிண்ட்சே. நீதிபதி, நிறையப் படித்தவர், வரவுக்கு மேல் செலவு செய்தவர். வாசலுக்கு மேலே அவருடைய குடும்பச் சின்னத்தோடும் மனைவியின் சின்னத்தோடும் 1604 என்ற ஆண்டு இருக்கிறது. ஆறே ஆண்டுகளில், 1610-இல், பெரும் கடனை விட்டுவிட்டு அவர் இறந்தார். 1715-இல் குடும்பம் அந்த நிலத்தை விற்றது. வாங்கிய பிரபு, பதவி இழந்த ஸ்டூவர்ட் அரச குடும்பத்துக்காக அதே ஆண்டில் எழுந்த ஜேக்கபைட் கலகத்தில் சேர்ந்ததால் அரசு அதைப் பறிமுதல் செய்தது. பிறகு அது லண்டன் நிறுவனம் ஒன்றின் கைக்குப் போயிற்று. அந்த நிறுவனம் நொடித்தபோது, 1764-இல், கடன்காரர்களுக்காகக் கூரைகள்கூடப் பிரித்து விற்கப்பட்டன. கூரையையே விற்றவர்கள் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பார்கள் என்றா நினைத்தீர்கள்? 1604-இல் எந்தச் செடியை எங்கே நட்டார்கள் என்று காட்டும் வரைபடம் எதுவும் எஞ்சவில்லை. 1930-களில் அந்த இடம் அரசின் பொறுப்புக்கு வந்த பிறகு, அந்தக் காலத்துத் தோட்டங்களின் முறையை ஒட்டிப் புதிதாக நட்டார்கள். அதை அங்கேயே எழுதியும் வைத்திருப்பதால்தானே உங்களுக்குத் தெரிந்தது? ஏமாற்ற நினைப்பவர் பலகை எழுதி வைப்பாரா?

கிராத்தெஸுக்குப் போங்கள், உங்களுக்கு நல்ல பாடம் காத்திருக்கிறது. அங்குள்ள யூ மர வேலிகள் 1702-இல் நடப்பட்டவை. ‘அசல்’ கேட்கிறீர்கள் அல்லவா, இதோ அசல். ஆனால் 1702-இல் அவற்றை நட்டவர் கண்ணால் கண்ட இலை ஒன்றாவது இன்று அந்த வேலியில் இருக்குமா? ஒவ்வோர் ஆண்டும் வளர்ந்ததை வெட்டி, வெட்டிய இடத்தில் தளிர் விட்டு, அதையும் வெட்டி, முந்நூறு ஆண்டுகளாகக் கத்தரி ஓயாததால்தான் அது வேலியாக நிற்கிறது. சில ஆண்டுகள் விட்டுவிட்டால் அது வெறும் யூ மர வரிசையாகிவிடும். அந்த வேலிகளுக்கு நடுவே நீங்கள் பார்க்கப்போகும் பூப்பாத்திகள் பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கோட்டைக்கு உரியவரான சர் ஜேம்ஸ் பர்னெட்டும் அவர் மனைவி சிபிலும் திட்டமிட்டவை. மரம் 1702, திட்டம் நேற்றையது, பூ இந்தக் கோடையுடையது. இதில் எந்த ஆண்டைச் சொன்னால் உங்கள் மனம் நிறையும்?

உங்களை இவ்வளவு கடிந்துகொள்ள எனக்கு உரிமை உண்டு, ஏனென்றால் இதே மூடத்தனத்தோடுதான் நானும் எட்ஸெலுக்குப் போனேன். நான் போன அன்று தோட்டத்தில் வேலை நடந்துகொண்டிருந்தது. நூல் கட்டி, முழங்காலிட்டு, ஒருவர் வேலியைச் சமன் செய்துகொண்டிருந்தார்; வாசகத்தின் பாதி கழிவிலைகளுக்கு அடியில் கிடந்தது. படம் எடுக்க முடியவில்லையே என்ற எரிச்சலில் அவர் எப்போது முடிப்பார் என்று தலைமாட்டிலேயே நின்றிருந்தேன். சற்று நேரம் கழித்து அவர் நிமிர்ந்து, இலைகளைச் சேர்க்க விரித்திருந்த துணியின்மீது நான் நிற்பதாகவும், தயவுசெய்து நகரும்படியும் சொன்னார். கூசிப்போய் விலகியவன், செய்வதற்கு வேறொன்றும் இல்லாமல்தான் சுவரைப் பார்த்தேன்.

நீங்கள் சுவரைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை, க. அசல் வேண்டும் என்று புலம்பும் ஒருவர், நானூறு ஆண்டுகளாக அசலாகவே நிற்கும் செம்மணற்கல் சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு செடியோடு சண்டை போட்டிருக்கிறார். கிழக்குச் சுவரில் ஏழு கோள்களின் தெய்வங்கள், தெற்கில் ஏழு கலைகள், மேற்கில் ஏழு நற்பண்புகள். கோள்களின் உருவங்கள் ஜெர்மானியச் செதுக்கோவியங்களைப் பார்த்து வடிக்கப்பட்டவை. ஸ்காட்லாந்தின் ஒரு மூலையில், கடனில் மூழ்கிக்கொண்டிருந்த ஒரு மனிதர் வானத்தையும் கல்வியையும் ஒழுக்கத்தையும் மூன்று சுவர்களில் ஏற்றி, நடுவே பூச்செடிகளை வைத்து, அதற்குள் உலாவ ஆசைப்பட்டார். சிற்பங்களுக்கு நடுவே உள்ள குழிகளைக் கவனித்தீர்களா? சதுரங்கக் கட்டம்போல் இருப்பவை லிண்ட்சே குடும்பச் சின்னத்தின் வடிவம்; அவை பூக்கள் வளர்ப்பதற்கான மாடங்கள். அவற்றுக்கு மேலே செதுக்கிய நட்சத்திரங்களின் நடுவில் துளைகள் இருக்கின்றன, பறவைகள் கூடு கட்டிக்கொள்வதற்காக என்று சொல்கிறார்கள். கல்லில் சுவர் எழுப்பியவரே, ஆண்டுதோறும் மாறும் பூவுக்கும் பறவைக்கும் அதில் இடம் விட்டு வைத்திருக்கிறார்.

அந்த ஏழு கோள்கள் நம் ஏழு கிழமைகளுக்கு உரியவைதாம். இதை அம்மாவிடம் சொல்லியிருந்தால் சனியைத் தேடிப்போய் ஒரு கும்பிடு போட்டிருப்பார். உங்களைவிட நெருக்கமாக அந்தச் சுவரைப் பார்த்தும் இருப்பார்.

டன்ராபின் அபர்டீனிலிருந்து வெகு தொலைவு, இப்போதைக்கு வேண்டாம். ஒரே நாளில் எட்ஸெலை மறுபடி பார்த்துவிட்டு, ஃபெட்டர்கெய்ர்ன் வழியாக மலைச்சாலையில் ஏறி இறங்கினால் பாங்கரிக்கு வந்துவிடலாம். அங்கிருந்து கிராத்தெஸ் பக்கம்தான். பனிக்காலத்தில் அந்தச் சாலையை அடிக்கடி மூடிவிடுவார்கள், அதற்குள் போய்விடுங்கள். அம்மா ஊருக்குத் திரும்புவதற்குள் என்றால் இன்னும் நல்லது. உங்கள் கடிதத்தில் நான் இருமுறை படித்த வரி அவருடையதுதான். அதற்குச் சிரித்ததை எழுதியிருக்கிறீர்கள், அவருக்கு என்ன பதில் சொன்னீர்கள் என்பதை எழுதவில்லை.