வண்டி மன்றத்துக்கு, ஆர்.சி. மட்டும் என் பெயரில்

கேள்வி: எங்கள் இளைஞர் மன்றத்தில் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, மீதிக்கு லோன் எடுத்து ஒரு பழைய வேன் வாங்கினோம். மன்றம் பதிவு செய்யாதது என்பதால் ஆர்.சி., லோன் இரண்டும் என் பெயரில். இப்போது பாதிப் பேர் பங்கு கொடுப்பதில்லை, விலகிப்போன இருவர் போட்ட பணத்தைத் திருப்பிக் கேட்கிறார்கள். டியூ கட்ட வார நாளில் வாடகைக்கு விடலாம் என்கிறார்கள். வண்டியை விற்றுவிடவா?

பதில்: முதலில் அந்த வாடகைப் பேச்சை நிறுத்துங்கள். வெள்ளை போர்டு வண்டியில் காசு வாங்கி ஆள் ஏற்றினால் மோட்டார் வாகனச் சட்டம், 1988-ன்படி பெர்மிட் வேண்டும், அது உங்களிடம் கிடையாது. விபத்து நடந்துவிட்டால் இன்சூரன்ஸ் கம்பெனி இதையே காரணம் காட்டி ஒதுங்கப் பார்க்கும். இழப்பீடு கேட்டு வருகிறவர்கள் மன்றத்தைத் தேடிப் போகமாட்டார்கள், ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரிடம்தான் வருவார்கள். அன்றைக்கு ஸ்டியரிங்கில் யார் உட்கார்ந்திருந்தாலும் சரி. வண்டியை விற்று, பெயர் மாற்றாமல் விட்டவரைக்கூடப் பொறுப்பாளி என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

இன்சூரன்ஸ் பாலிசியை இன்றே எடுத்துப் பாருங்கள். வெறும் தேர்டு பார்ட்டி என்றால், வண்டிக்குள் உட்கார்ந்து வரும் உங்கள் மன்றத்துப் பையன்களுக்கு அதில் பொதுவாகப் பாதுகாப்பு கிடையாது. பத்துப் பதினைந்து பேரை ஏற்றிக்கொண்டு இரவில் போட்டிக்கும் முகாமுக்கும் போகிற வண்டிக்கு, மற்ற எந்தச் செலவைக் குறைத்தாலும் பயணிகளையும் சேர்த்த பாலிசிதான் எடுக்க வேண்டும். சாவியை லைசென்ஸ் உள்ளவரிடம் மட்டும் கொடுங்கள், பதினெட்டு முடியாத பையன் ஓட்டிப் பிடிபட்டால் வண்டி உரிமையாளருக்கே 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு (2019 திருத்தம்).

பணத்துக்கு வருவோம். வங்கிக்கு நீங்கள் மட்டும்தான் கடனாளி, "அவர்கள் தரவில்லை" என்பது அங்கே எடுபடாது. ஆனால் பங்கு தருவதாக ஒத்துக்கொண்டவர்களிடம் நீங்கள் கேட்கலாம், வழக்கும் போடலாம். பணப் பாக்கிக்குக் காலக்கெடு பொதுவாக 3 ஆண்டுதான், அதனால் தள்ளிப்போடாதீர்கள். வாட்ஸ்அப் பேச்சு, பணம் அனுப்பிய பதிவு எதையும் அழிக்க வேண்டாம். விலகிய இருவர் விஷயமும் இதேதான், அவர்கள் கொடுத்தது நன்கொடையா, கடனா, பங்கா என்பதை அன்றைக்கு என்ன பேசிக்கொண்டீர்களோ அதை வைத்துத்தான் முடிவு செய்ய முடியும். பங்கு என்றால் வண்டியின் இன்றைய மதிப்பில் லோன் பாக்கி போக மீதியில் கணக்குப் போடுவது நியாயம். போட்ட தொகை முழுசாக வேண்டும் என்றால், இத்தனை நாள் அவர்களும் அதில்தானே போய்வந்தார்கள்?

யாருக்கும் சொல்லாமல் மட்டும் விற்காதீர்கள். லோன் கொடுத்தவர் சம்மதித்தால் உங்கள் கையெழுத்திலேயே பெயர் மாறலாம், ஆனால் மற்றவர்கள் நம்பிக்கை மோசடி என்று புகார் கொடுத்தால் அலைச்சல் உங்களுக்குத்தான்.

நிரந்தரத் தீர்வு மன்றத்தைப் பதிவு செய்வது. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-ன் கீழ் ஏழு பேர் இருந்தால் போதும். அப்புறம் லோன் கொடுத்தவரின் சம்மதத்தோடு ஆர்.சி.யைச் சங்கத்தின் பெயருக்கு மாற்றலாம். அதுவரை ஒரு தீர்மானம் எழுதுங்கள்: மாதத் தவணை யார் எவ்வளவு, டயர், சர்வீஸ், இன்சூரன்ஸ் எந்த நிதியிலிருந்து, ஓட்டும்போது இடித்தால் டிங்கரிங் செலவு யாருடையது, விலகினால் என்ன கிடைக்கும், நீங்கள் மன்றத்துக்காகத்தான் வண்டியை வைத்திருக்கிறீர்கள் என்பது. இந்தக் கடைசி வரி முக்கியம், அது இல்லாவிட்டால் நாளைக்கு உங்களுக்கு ஏதாவது ஆனால் வண்டி உங்கள் வாரிசுகளுக்குப் போய்விடும். அடுத்த கூட்டத்துக்கு ஆர்.சி., பாலிசி, லோன் கணக்கு மூன்றின் நகலோடு போங்கள், எல்லோரிடமும் கையெழுத்து வாங்காமல் எழுந்து வராதீர்கள்.