கொழிஞ்சாம்பாறை (பாலக்காடு மாவட்டம்) தோப்புக் குடிசை: காலி செய்ய வேண்டுமா?

தாத்தா காலத்திலிருந்து, அதாவது 1970க்கு முன்பிருந்தே, தோப்புக்குள் குடிசையில் இருக்கிறீர்கள். தோப்பை வாங்கிய புது முதலாளி காலி செய்யச் சொல்கிறார். அவசரப்பட்டுக் கிளம்பாதீர்கள். வேறு வீடோ நிலமோ இல்லாமல், பழைய முதலாளி சம்மதத்தோடு குடியேறியிருந்தால் 1963ஆம் வருடக் கேரள நிலச் சீர்திருத்தச் சட்டத்தில் அதற்குப் பெயர் குடிகிடப்பு. அந்த உரிமை வாரிசுக்கும் வரும். பஞ்சாயத்து எல்லைக்குள் குடிசை இருக்கும் இடத்தையும் சேர்த்து 10 சென்ட் நிலம் வரை விலைக்குக் கேட்டு லேண்ட் டிரிப்யூனலில் (நிலத் தீர்ப்பாயத்தில்) மனுப் போடலாம்.

ஆனால் ஒன்று: குடிசையை வாடகைக்கு விட்டுவிட்டோ பூட்டிப்போட்டோ இரண்டு வருடம் பொள்ளாச்சிப் பக்கம் போய்விட்டால், வெளியேற்ற அதுவே காரணமாகிவிடும். பழைய ரேஷன் கார்டு, வீட்டுவரி ரசீதுகளைத் தேடி எடுங்கள். அப்புறம், பணம் தருகிறேன் என்று முத்திரைத்தாளை நீட்டினால் வக்கீல் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.