கார்ட்ரிட்ஜை ரீஃபில் செய்வதா, டேங்க் பிரிண்டருக்கு மாறுவதா?

கேள்வி: வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரில் மாதம் 60 பக்கம் கறுப்பில் அச்சிடுகிறேன். ஒரு கார்ட்ரிட்ஜ் 150 பக்கம் வரும். அதையே மூன்று முறை ரீஃபில் செய்துவிட்டேன். ஒரு முறைக்கு ஆகும் மைச் செலவு, புது கார்ட்ரிட்ஜ் விலையில் பத்தில் ஒரு பங்கு. இப்போது எழுத்துகளுக்கு நடுவே வெள்ளைக் கோடு விழுகிறது. டேங்க் பிரிண்டரின் (பாட்டில் மையைத் தொட்டியில் ஊற்றிப் பயன்படுத்தும் வகை) விலை 10 கார்ட்ரிட்ஜ் விலைக்குச் சமம். மாறிவிடலாமா?

பதில்: இப்போது வேண்டாம். ஒரு கார்ட்ரிட்ஜ் விலையை 100 என்று வைத்துக்கொள்வோம். இதுவரை 600 பக்கத்துக்கு உங்களுக்கு ஆன செலவு 130; அதாவது மாதம் 60 பக்கத்துக்கு 13. ரீஃபில் செய்யாமல் இருந்திருந்தால் 400. இந்தக் கார்ட்ரிட்ஜ் இன்றே போனாலும் நஷ்டமில்லை. டேங்க் பிரிண்டருக்கான 1,000 உங்கள் வேகத்தில் திரும்பிவர ஏறக்குறைய 77 மாதம் ஆகும். டேங்க் மையின் செலவைக் கூட்டாமலே இந்தக் கணக்கு.

அடுத்து, ஹெட் (மையைக் காகிதத்தில் தெளிக்கும் பகுதி) எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கார்ட்ரிட்ஜின் அடியில் மெல்லிய நாசில் (மை வெளிவரும் நுண்துளை) தகடும் பக்கத்தில் செம்புப் புள்ளிகளும் தெரிந்தால் ஹெட் அதிலேயே இருக்கிறது. கார்ட்ரிட்ஜை மாற்றினால் ஹெட்டும் புதிது. ஹெட் பிரிண்டரோடு சேர்ந்திருந்தால் அதை மாற்றும் செலவு பல நேரம் பிரிண்டர் விலையையே நெருங்கிவிடும். அங்கே மலிவு மை வாங்கிச் சோதிக்காதீர்கள்.

கோடு விழுந்ததும் க்ளீனிங் பட்டனை அமுக்கிக்கொண்டே இருப்பதுதான் பணத்தைக் கரைக்கும் பழக்கம். ஒவ்வொரு க்ளீனிங்கிலும் நல்ல மை உறிஞ்சப்பட்டுக் கழிவுப் பஞ்சில் போய்ச் சேருகிறது. பஞ்சு நிறைந்துவிட்டதாகக் கணக்கானால் பல பிரிண்டர்கள் வேலை செய்யவே மறுக்கும். இரண்டு முறை போதும். பலனில்லையென்றால், ஹெட் கார்ட்ரிட்ஜிலேயே இருக்கும் வகையில் அதைக் கழற்றி, வெதுவெதுப்பான டிஸ்டில்டு வாட்டரில் நனைத்த டிஷ்யூ மேல் நாசில் கீழ்நோக்கி இருக்க 2 நிமிடம் வையுங்கள். தேய்க்கக் கூடாது. பிறகு காய்ந்த டிஷ்யூவில் மெல்ல ஒற்றுங்கள். டிஷ்யூவில் கோடு முழுதாகப் பதிந்து, காகிதத்தில் மட்டும் வெள்ளை விழுகிறதா? செம்புப் புள்ளிகளைத் துடைத்து ஒருமுறை பாருங்கள். அப்படியும் மாறாவிட்டால் அனேகமாக நாசில் கருகிவிட்டது. புதிது வாங்குங்கள்.

கருகக் காரணம், மை தீர்ந்த பிறகும் அச்சிடுவது. நாசிலுக்குள் சூடேறும் துணுக்கை ஆற வைப்பதே மைதான். ஆகவே எழுத்து மங்கத் தொடங்கியதும் ரீஃபில் செய்துவிடுங்கள். அளவைக் கண்ணால் மதிப்பிட வேண்டாம்: புது கார்ட்ரிட்ஜை எடை போட்டுக் குறித்துவைத்தால், குறைந்திருக்கும் ஒவ்வொரு கிராமுக்கும் ஏறக்குறைய 1 மில்லி மை. ஊசியைக் கார்ட்ரிட்ஜின் உள்ளே இருக்கும் பஞ்சுக்குள் இறக்கி மெதுவாகச் செலுத்துங்கள்; அவசரப்பட்டால் காற்றுக் குமிழி சிக்கி அதே வெள்ளைக் கோடு வரும். துளையில் மை எட்டிப் பார்த்தால் கொஞ்சம் திரும்ப இழுத்துவிடுங்கள். காற்றுத் துளையை டேப்பால் அடைத்தால் மை இறங்காது. டை மையையும் (கரைந்த சாயம்) பிக்மென்ட் மையையும் (நுண்துகள் நிறமி) கலந்தால் கட்டி தட்டும்.

வாரம் ஒரு பக்கமாவது அச்சிடுங்கள். பிரிண்டரை அதன் பட்டனிலேயே அணையுங்கள். சுவர் சுவிட்சை நிறுத்தினால் ஹெட் மூடிக்குப் போகாமல் காய்ந்துவிடும்.

மாதம் 300 பக்கம் என்று வேலை கூடினால் அந்த 77 மாதம் 15 ஆகச் சுருங்கும். அப்போது டேங்க் பிரிண்டர் வாங்குங்கள்.