மாடியில் தொட்டி இருந்தும் குழாயில் வேகம் இல்லையா?

கேள்வி: கீழ்த்தளத்தில் தண்ணீர் நன்றாக வருகிறது. மாடி பாத்ரூம் ஷவரில் நூலாக இறங்குகிறது. 500 லிட்டர் தொட்டியை எடுத்துவிட்டு 1,000 லிட்டர் வைத்தால் சரியாகுமா?

பதில்: ஆகாது, அந்தச் செலவு வேண்டாம். வேகத்தைத் தருவது தொட்டியின் அளவல்ல, உயரம். தண்ணீர் மட்டம் குழாயைவிட 10 மீட்டர் மேலே இருந்தால்தான் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 1 கிலோ அழுத்தம் கிடைக்கும். மாடி ஷவருக்கும் தொட்டிக்கும் 5 அடிதான் இடைவெளி என்றால் 0.15 கிலோதான் கிடைக்கும். அதையும் பைப் தின்றுவிடக் கூடாது. தொட்டியிலிருந்து 1 அங்குலத்தில் இறக்கி, பாத்ரூம் வரை முக்கால் அங்குலம் கொண்டுவந்து, கடைசியில் மட்டும் அரை அங்குலம் கொடுங்கள். எல்போக்களை, அதாவது பைப் திரும்பும் வளைவுகளை, குறையுங்கள். தொட்டியடி கேட் வால்வையும் பாருங்கள். பழசானதில் தண்டு மட்டும் சுற்றும், உள்ளே தகடு கழன்று வழியை அடைத்தபடி நிற்கும். அங்கே பால் வால்வு (உள்ளே துளையுள்ள உருண்டை திரும்பும் வால்வு) போடுவது நல்லது.

இவ்வளவுக்குப் பிறகும் போதாவிட்டால் பிரஷர் பம்ப் வைக்கலாம். கரண்ட் இல்லாதபோதும் தண்ணீர் வர, என்ஆர்வியுடன் (தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடும் வால்வு) பம்பைச் சுற்றிப் போகும் ஒரு பைபாஸ் லைன் கட்டாயம் வேண்டும். துருப்பிடித்த ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) லைனில் பம்ப் மாட்டினால் ஜாயிண்டுகள் கசியும். தொட்டி மேடையை உயர்த்துவதாக இருந்தால் இன்ஜினியரைக் கேட்காமல் செய்யாதீர்கள். 1,000 லிட்டர் தண்ணீரே 1 டன் கனம்.

கேள்வி: சமையலறைக் குழாய் மட்டும் மெதுவாக வருகிறது.

பதில்: குழாயின் முனையைத் துணி சுற்றிக் கையால் திருகிக் கழற்றுங்கள். உள்ளே இருக்கும் சல்லடையில் ரவை போல வெள்ளை உப்பும், டெஃப்ளான் டேப் துணுக்குகளும் சிக்கியிருக்கும். வினிகரில் அரை மணி நேரம் ஊறவைத்துப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேயுங்கள். போர் தண்ணீர் என்றால் மாதம் ஒருமுறை இது தேவைப்படும். சல்லடை இல்லாமலும் மெதுவாக வந்தால் கோளாறு சிங்க்குக்குக் கீழே உள்ள ஆங்கிள் வால்வில் இருக்கும்.

கேள்வி: தொட்டி கழுவியதிலிருந்து ஒரு பாத்ரூமில் தண்ணீர் விட்டுவிட்டு வருகிறது, சில நேரம் நின்றேவிடுகிறது.

பதில்: லைனில் காற்று அடைத்திருக்கிறது. தொட்டியை நிரப்பிவிட்டு, அந்த லைனின் குழாய்கள் எல்லாவற்றையும் முழுதாகத் திறந்து பத்து நிமிடம் விடுங்கள். நிரந்தரமாகச் சரியாக, தொட்டி வால்வைத் தாண்டியதும் ஒரு டீ (T வடிவ இணைப்பு) போட்டு, காற்றுப்போக்கி பைப்பைத் தொட்டியின் விளிம்புக்கு மேலே ஏற்றுங்கள். வாயைக் கீழ்நோக்கி வளைத்துக் கொசுவலை கட்டுங்கள்.

கேள்வி: வெந்நீர் மட்டும் குறைவாக வருகிறது.

பதில்: கீசருக்குள் நுழையும் இடத்திலுள்ள வால்விலும் வெளியேறும் பைப்பிலும் உப்பு படிந்திருக்கும். மெயினை அணைத்து, ஆறவிட்டு, மெக்கானிக்கைக் கொண்டு சுத்தம் செய்யுங்கள். கசிகிறதே என்று சேஃப்டி வால்வை மட்டும் அடைத்துவிடாதீர்கள், கீசர் வெடிக்கும்.

கேள்வி: மாநகராட்சி லைனிலேயே மோட்டார் வைத்து இழுக்கலாமா?

பதில்: கூடாது. சட்டப்படி தவறு. அதோடு, மோட்டார் உறிஞ்சும்போது பைப்பின் விரிசல் வழியாகச் சாக்கடை நீரும் உள்ளே வரும், அதைப் பக்கத்து வீட்டுக் குழந்தையும் குடிக்க நேரும். சம்ப்பில் தானாக விழவிட்டு, அங்கிருந்து ஏற்றுங்கள்.