பதில்: புது டீசல் எஸ்டேட் கார், அணைத்த பிறகும் ஃபேன் ஓடுகிறது
நண்பரே, வண்டி வாங்கி 1,500 கி.மீ.தான் ஆகிறது, அணைத்த பிறகும் ஃபேன் இரைகிறது, ஐடிலிங் (வண்டி நிற்கும்போது இன்ஜின் சுற்றும் வேகம்) சில நாள் 800 ஆர்.பி.எம்.-லிருந்து 1,000-க்கு ஏறுகிறது, மைலேஜும் திடீரென விழுகிறது என்று எழுதியிருந்தீர்கள். மூன்றுக்கும் காரணம் ஒன்றாகத்தான் இருக்கும். டி.பி.எஃப். என்பது புகையிலுள்ள கரியைப் பிடித்துவைக்கும் ஃபில்டர். அதில் சேர்ந்த கரியை வண்டி எரித்துக்கொண்டிருக்கும்போதே நீங்கள் அணைத்துவிடுகிறீர்கள்.

கரி எரிய ஃபில்டருக்குள் வெப்பம் 600 டிகிரி செல்சியஸை ஒட்டி ஏற வேண்டும். அதற்காக இன்ஜின் கூடுதல் டீசலைத் தாமதமாகப் பீய்ச்சும். தினம் 6 கி.மீ. ஓட்டத்தில் இது பாதியில் அறுந்துபோகும். திரும்பத் திரும்ப அப்படி நடந்தால், எரியாத டீசல் சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயிலில் கலக்கும். சமதளத்தில் நிறுத்தி, 10 நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கை (ஆயில் மட்டம் பார்க்கும் கம்பி) எடுத்துத் துடைத்து, மறுபடி விட்டுப் பாருங்கள். மட்டம் மேல் கோட்டைத் தாண்டி, டீசல் வாடையும் அடித்தால் ஆயிலை மாற்றியே ஆகவேண்டும். 'கூடத்தானே இருக்கிறது' என்று விட்டால் பேரிங்குக்குக் கேடு.

வாரம் ஒருமுறை, இன்ஜின் சூடான பின், 2,000 ஆர்.பி.எம்.-க்கு மேல் 20 நிமிடம் விடாமல் ஓட்டுங்கள். ஸ்போர்ட் மோட் தேவையில்லை, ஒரு கியர் குறைத்தால் போதும். டேங்கில் ரிசர்வ் விளக்கு எரிந்தால் பல வண்டிகளில் கரி எரிப்பே தொடங்காது. ஆயில், மேனுவலில் சொன்ன குறைந்த சாம்பல் வகைதான். ஆயிலிலிருந்து வரும் சாம்பல், கரியைப் போல எரிந்து போகாது, ஃபில்டரிலேயே தங்கிவிடும்.

டி.பி.எஃப். விளக்கு நிலையாக எரிந்தால் இதே ஓட்டம் போதும். கூடவே இன்ஜின் விளக்கும் வந்தால் நேராக சர்வீஸ்.