விலை பேசி முடித்த பிறகு கூடிய விலை வந்தால் முதலாமவரைக் கைவிடலாமா?

மடிக்கணினியை முகநூலில் விற்பனைக்குப் போட்டிருக்கிறீர்கள். ஒருவரோடு விலை பேசி முடிந்துவிட்டது, அவர் சனிக்கிழமை வந்து எடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். அதற்கிடையில் இன்னொருவர் எட்டாயிரம் ரூபாய் கூட்டித் தர நிற்கிறார். முற்பணம் எதுவும் வாங்கவில்லை என்பதால் முதலாமவருக்கு ‘விற்றுவிட்டது’ என்று ஒரு செய்தி அனுப்பினால் பிழையா என்று கேட்டிருக்கிறீர்கள். பிழைதான். விற்காத பொருளை விற்றுவிட்டதாகச் சொல்வது பொய் என்பது ஒருபுறம் இருக்க, அவர் சனிக்கிழமையை உங்களுக்காக ஒதுக்கி வைத்திருக்கிறார் என்பது மறுபுறம் இருக்கிறது. எனக்கு முன் இங்கே பதிலளித்தவர்களில் பலர் ‘வியாபாரம் என்றால் அப்படித்தான்’ என்று எழுதியிருப்பதைப் பார்த்த பிறகுதான் நானும் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் கேள்வியில் ‘முற்பணம் வாங்கவில்லை’ என்ற சொற்கள் அதற்காகவே வைக்கப்பட்டிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. நான் சட்டத்தரணி அல்லன்; பிரதேச செயலகமொன்றில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்றவன். நமது இலங்கையில் இன்றும் நடைமுறையில் உள்ள 1896 ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தின்படி, வாங்குபவர் பொருளில் ஒரு பகுதியையாவது பெற்றிருக்க வேண்டும், அல்லது விலையில் ஒரு பகுதியையாவது கொடுத்திருக்க வேண்டும், அதுவும் இல்லையென்றால் கையொப்பமிட்ட எழுத்து ஏதாவது இருக்க வேண்டும். இவற்றில் ஒன்றும் இல்லாத வெறும் வாய்ப்பேச்சை வைத்துக்கொண்டு எவரும் நீதிமன்றத்துக்குப் போய் உங்களிடமிருந்து பொருளைப் பெற முடியாது. அந்த அளவில் உங்கள் எண்ணம் சரி. ஆனால் நீங்கள் பேசியது வாயால் அல்ல, வட்ஸ்அப்பில் எழுத்தால் என்றால், 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் அத்தகைய எழுத்தையும் எழுத்தாகவே ஏற்கிறது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மடிக்கணினிக்காக எவரும் வழக்குப் போடப் போவதில்லை. ஆகவே இதைச் சட்டத்தை வைத்துத் தீர்மானிக்க முடியாது.

பேசி முடித்தல் என்றால் என்ன என்பதில்தான் பாதிச் சண்டைகள் தொடங்குகின்றன. ‘இருக்கிறதா’ என்று கேட்டவரும், ‘யோசித்துச் சொல்கிறேன்’ என்றவரும் உங்களைக் கட்டுப்படுத்தியவர்கள் அல்லர். அவர்களுக்காகப் பொருளை வைத்திருக்க வேண்டும் என்று எந்த நியாயமும் இல்லை. நடுச்சாமத்தில் ஒரு வணக்கமும் இல்லாமல் ‘கடைசி விலை?’ என்று மட்டும் அனுப்பிவிட்டு, பதில் எழுதினால் அதைப் பார்த்த அடையாளத்தோடு காணாமல் போகிறவர்களை நான் இந்தக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. ஆனால் இன்ன விலை, இன்ன நாள், இன்ன இடம் என்று மூன்றும் இரு தரப்பாலும் ஒப்புக்கொள்ளப்பட்டு, அந்த ஒப்புதலை நம்பி எதிர்த் தரப்பு ஒரு ஏற்பாட்டைச் செய்யத் தொடங்கிவிட்டால், என் பார்வையில் அது முடிந்த பேச்சு. அதற்குப் பிறகு விற்பவருக்கு விலையை உயர்த்தும் உரிமையும் இல்லை, வாங்குபவருக்கு அதைக் குறைக்கும் உரிமையும் இல்லை. இரண்டாவது பாதியை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், விற்பவரின் நேர்மையைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். வாங்குபவரின் நேர்மையைப் பற்றிப் பேச ஆளில்லை.

2022 ஆம் ஆண்டின் பிற்பகுதியில், மகள் திருமணமாகி வெளிநாடு சென்றபின் வீட்டில் சும்மா நின்ற அவளுடைய ஸ்கூட்டியை விற்பதற்கு நான் ஒரு விளம்பரம் போட்டேன். வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டதால் புதிய ஸ்கூட்டி எதுவும் நாட்டுக்குள் வரவில்லை. பொருளாதார நெருக்கடி வந்து ரூபாயின் பெறுமதியும் விழுந்தபின், புதிதாக வாங்கிய விலையைவிடப் பழைய ஸ்கூட்டியின் விலை மிகக் கூடுதலாக இருந்தது. விளம்பரத்தில் நல்லதை எழுதிய கையோடு கெட்டதையும் எழுதினேன்: இடது பக்கப் பிளாஸ்ரிக் மூடியில் ஒரு வெடிப்பு, பற்றரி பழையதாகிவிட்டதால் காலையில் செல்ஃப் ஸ்ராட் பிடிக்காது, உதைத்துத்தான் இயக்க வேண்டும், பின் சில்லின் ரயர் அடுத்த மழைக்கு முன் மாற்றப்பட வேண்டியது. வெடிப்பைப் பகல் வெளிச்சத்தில் தனியாகப் படமெடுத்துச் சேர்த்தேன். விளம்பரம் போட்ட மறுநாளே, பின்னணியில் என் வீட்டுக் குரோட்டன் செடி தெளிவாகத் தெரிகின்ற அதே படங்களோடு, நாற்பதாயிரம் ரூபாய் கூட்டி, எவரோ ஒரு தரகர் தன்னுடையது போல இன்னொரு விளம்பரம் போட்டிருந்ததை ஒரு உறவினர் காட்டித்தான் அறிந்தேன். வெடிப்பின் படம் மட்டும் அதில் இல்லை. தரகு ஒரு தொழில், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. இன்னும் வாங்காத பொருளை, அதன் குறையை மறைத்து, ஊராருக்கு விற்கப் பார்ப்பதற்கு மட்டும் என்ன பெயர் என்று நீங்களே சொல்லுங்கள்.

கிளிநொச்சியிலிருந்து ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். அவருடைய மனைவி முன்பள்ளி ஆசிரியை, பாடசாலை வீட்டிலிருந்து தூரம், ஆகவே ஸ்கூட்டி தேவை என்றார். குறைகள் அனைத்தையும் மீண்டும் எழுதி வட்ஸ்அப்பில் அனுப்பினேன். அவற்றைப் பார்த்த பிறகு அவர் பத்தாயிரம் குறைத்துக் கேட்டார், நான் ஐயாயிரம் குறைத்தேன், அவர் சம்மதித்தார். ஞாயிற்றுக்கிழமை காலை வருவதாக ஒப்புக்கொண்டோம். முற்பணம் நான் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிப் பக்கமிருந்து ஒருவர் நேரே படலைக்கு வந்துவிட்டார். ஸ்கூட்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார், பேசிய விலைக்கு மேல் இருபத்தையாயிரம் தருவதாகச் சொல்லிக் காசை எடுத்தும் காட்டினார். வேறொருவருக்குச் சொல்லியாயிற்று என்றேன். “அவர் என்ன ஐயா, காசு தந்து வைச்சவரோ? காசில்லாத கதையெல்லாம் கதையே?” என்றார். பன்னிரண்டரைக் கிலோ எரிவாயு சிலிண்டரின் விலை ஐயாயிரம் ரூபாயை நெருங்கிய ஆண்டு அது என்பதையும், ஓய்வூதியம் அந்த வேகத்தில் ஏறவில்லை என்பதையும் இதை வாசிக்கும் இளையவர்கள் கவனத்தில் எடுக்க வேண்டும். ‘இவருக்கு இருபத்தையாயிரம் பெரிய தொகை அல்ல, அதனால்தான் நேர்மை பேசுகிறார்’ என்று கீழே ஒருவர் எழுதப் போகிறார் என்பது எனக்குத் தெரியும். அவரை அனுப்பிவிட்டேன். குசினி யன்னலில் நின்ற என் மனைவி அப்போது ஒன்றும் சொல்லவில்லை. இரவுச் சாப்பாட்டின்போது நிறையச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை கிளிநொச்சிக்காரர் ஒரு நண்பரோடு வந்தார். நண்பர் மோட்டார் சைக்கிள் திருத்துபவர். அவர் வந்தவுடன் வணக்கம்கூடச் சொல்லாமல் குனிந்து உள்ளங்கையை இயந்திரத்தின் மேல் வைத்துப் பார்த்தார். எனக்கு அது பிடித்திருந்தது. ஆட்கள் வருமுன் வாகனத்தைக் கொஞ்ச நேரம் ஓட விட்டுச் சூடாக்கி வைத்தால், குளிரில் இயங்க மறுக்கும் வாகனமும் ஒரே உதையில் இயங்கும். அதைத் தெரிந்தவர்கள் முதலில் சூட்டைத்தான் பார்ப்பார்கள். பிறகு அவர் சட்டக இலக்கத்தை வாகனப் புத்தகத்தோடு ஒப்பிட்டார், முன் கவையைப் பிடித்து அமுக்கினார், ஒழுங்கையால் ஒரு ஓட்டம் போய் வந்தார். எல்லாம் முறையாக நடந்தது. பிறகு அவர் சொன்னார்: “ரயர் மொட்டை, மூடி வெடிச்சிருக்கு, செல்ஃப் வேலையில்லை. பதினைஞ்சு குறையுங்கோ ஐயா.”

நான் தொலைபேசியை எடுத்து, கிளிநொச்சிக்காரருக்கு நான் அனுப்பிய செய்தியைச் சத்தமாக வாசித்தேன். ரயர், மூடி, செல்ஃப் மூன்றும் அதே வரிசையில் இருந்தன. அவற்றுக்குப் பிறகுதான் விலையும் சம்மதமும் இருந்தன. வாங்க வந்தவர் நிலத்தைப் பார்த்தார். நண்பரோ, “நேரில வந்து பாக்கேக்க கொஞ்சம் குறைக்கிறது வழமைதானே” என்றார்.

இந்த ‘வழமை’ பற்றித்தான் நான் எழுத விரும்பியதே. நேரில் பார்த்துக் குறைத்துக் கேட்பது வழமைதான், மறுக்கவில்லை. ஆனால் அது எதற்கான வழமை? விற்பவர் சொல்லாமல் விட்ட குறை ஒன்று நேரில் தெரிந்தால், அதற்காகக் குறைக்கக் கேட்பது நியாயம். அப்படி ஒரு குறை இருந்தால், வாங்க வந்தவரின் பேருந்துக் காசையும் விற்பவர் கொடுத்து அனுப்ப வேண்டும் என்பதுகூட என் எண்ணம். முன்பே சொல்லப்பட்டு, அதற்காகவே விலை குறைக்கப்பட்டு, அதன் பிறகு ஒப்புக்கொள்ளப்பட்ட ஒன்றை மறுபடியும் எடுத்து இரண்டாம் தரம் குறைப்பது பேரம் அல்ல. விற்பவர் இதற்கிடையில் மற்றவர்களை அனுப்பியிருப்பார், இனி அவர்களைத் திரும்பக் கூப்பிட முடியாது என்ற கணக்கு அதற்குள் இருக்கிறது. ஆள் வந்து நின்ற பிறகு விலையை ஏற்றும் விற்பனையாளரின் கணக்கும் இதேதான்: இவ்வளவு தூரம் வந்தவர் வெறுங்கையோடு போகமாட்டார் என்பது. யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சி 60 கிலோமீற்றருக்கு மேல், வவுனியா அதைப்போல இரண்டு மடங்கு. வன்னியிலிருந்து பொருள் வாங்க வருகிறவரிடம் படலையில் வைத்து விலையேற்றுபவர்களை நான் நேரில் அறிவேன், பெயர் சொல்லப் போவதில்லை.

விலை மாறாது, விருப்பமில்லாவிட்டால் மனக்கசப்பில்லாமல் போகலாம் என்று அமைதியாகச் சொன்னேன். இருபத்தையாயிரத்தை விட்டுவிட்டு நின்ற எரிச்சல்தானே உங்களை அப்படி உறுதியாக நிற்க வைத்தது என்று கேட்டால், எரிச்சல் இருந்தது உண்மை. எரிச்சல் இல்லாதிருந்தாலும் அதே பதிலைத்தான் சொல்லியிருப்பேன். இருவரும் மாமரத்தின் கீழ் நின்று நெடுநேரம் பேசினார்கள். பிறகு வாங்க வந்தவரே தனியாக வந்து முழுக் காசையும் எண்ணித் தந்தார்.

அத்தோடு முடியவில்லை. உரிமை மாற்றத்தைப் பிறகு பார்ப்போம், வாங்குபவரின் பெயரை நிரப்பாமல் நான் கையெழுத்திட்ட படிவம், அதாவது ஓப்பின் பேப்பர், போதும் என்றார்கள். இதற்கு நான் உடன்படவில்லை. அந்த மாதங்களில் பெற்றோல் பங்கீடாக, கியூஆர் குறியீட்டைக் காட்டினால்தான் கிடைத்தது. குறியீடு வாகன இலக்கத்தோடும் பதிந்தவரின் அடையாள அட்டையோடும் கட்டுண்டிருந்தது. பழைய உரிமையாளர் தன் பதிவை நீக்காவிட்டால், வாங்கியவர் தன் பெயரில் பதிய முடியாமல் பழைய உரிமையாளரின் தொலைபேசியை நம்பிக்கொண்டிருக்க வேண்டும். ஆகவே அவர்களுக்கு முன்னாலேயே என் பதிவை நீக்கினேன், உரிமை மாற்றப் படிவங்களையும் அன்றே நிரப்பிக் கொடுத்தேன். கியூஆர் முறை 2023 செப்டெம்பரில் நிறுத்தப்பட்டது. ஆனால் வாகனம் யாருடைய பெயரில் இருக்கிறதோ அவரைத்தான் பொலிஸார் முதலில் தேடி வருவார்கள் என்பது மாறவில்லை. லீசிங் முடியாத வாகனத்தின் புத்தகத்தில் நிதி நிறுவனமே முழு உரிமையாளராக இருக்கும் என்பதையும், அதைச் சொல்லாமல் விற்பவர்கள் இருக்கிறார்கள் என்பதையும் வாங்குபவர்கள் கவனிக்க வேண்டும். மடிக்கணினிக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்காதீர்கள்: உங்கள் கணக்குகளையெல்லாம் நீக்கி, கடவுச்சொல்லை எடுத்து, வாங்கிய பற்றுச்சீட்டு இருந்தால் அதையும் சேர்த்துக் கொடுப்பது இதே கடமைதான். பற்றுச்சீட்டு இல்லாத மடிக்கணினியை வாங்குபவருக்கு அது திருட்டுப் பொருளாக இருக்குமோ என்ற பயம் இருக்கும்.

கூடிய விலை சொல்வதே அநீதி என்று சிலர் இங்கே எழுதியிருக்கிறார்கள். போர்க்காலத்தில் வடக்குக்கு விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையின்போது பற்றரி கிடைக்காமல் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட தலைமுறையைச் சேர்ந்தவன் நான். தட்டுப்பாட்டில் விலை என்னவாகும் என்று எனக்கு எவரும் பாடம் நடத்தத் தேவையில்லை. சவர்க்காரத்தையும் மண்ணெண்ணெயையும் பதுக்கி விற்றது அநீதி, ஏனென்றால் அவை இல்லாமல் இருக்க முடியாது. பாவித்த மடிக்கணினிக்கு நீங்கள் விரும்பிய விலையைக் கேளுங்கள், வேண்டாதவர் வாங்காமல் போவார். தொடக்கத்திலேயே எட்டாயிரம் கூட்டிக் கேட்டிருந்தால் உங்களை ஒருவரும் குறை சொல்ல முடியாது.

ஆகவே இன்று மாலையே முதலாமவருக்கு அழைப்பெடுங்கள். இன்னொருவர் கூடுதலாகக் கேட்கிறார் என்று சொல்லி அவரை நெருக்க வேண்டாம். அது விலையேற்றுவதற்கான வேறு வழி. சனிக்கிழமை வருவது உறுதிதானா, உறுதி என்றால் ஒரு சிறு தொகையை அச்சாரமாக வங்கிக்கு அனுப்ப முடியுமா என்று மட்டும் கேளுங்கள். அனுப்பினாலும் சரி, அனுப்ப வசதியில்லை ஆனால் வருவேன் என்றாலும் சரி, சனிக்கிழமை மாலை வரை மடிக்கணினி அவருடையது. இரண்டாமவரிடம் உள்ளதைச் சொல்லி, அவருடைய இலக்கத்தைக் குறித்து வையுங்கள். சனிக்கிழமை பொழுதுபட்டும் முதலாமவர் வரவில்லை, தொலைபேசியும் எடுக்கவில்லை என்றால், ஞாயிறு காலை இரண்டாமவரைக் கூப்பிட்டு அந்த எட்டாயிரத்தையும் சேர்த்தே வாங்கிக்கொள்ளுங்கள்.